நார்வேயில் ஒரு பூப்பந்தல்

யாருக்கும் தெரியாத இடத்துக்குச் சுற்றுலா போகிறவனுக்கு அந்த இடம் முக்கியமே அல்ல. அப்படி ஓர் இடத்துக்கு அவன் போய் வந்தது ஊரில் எல்லாருக்கும் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த ஆள் நானேதான்.

நாகர்கோவில் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர் நான். பூமி இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது, அதனால்தான் பருவங்கள் மாறுகின்றன, ஓர் இடத்தில் கோடை என்றால் இன்னோர் இடத்தில் கோடை ஆகாது என்று வருடம் தவறாமல் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறேன். (பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பரீட்சை வைத்துப் பார்ப்பேன். எனக்கு யாரும் பரீட்சை வைத்ததில்லை.)

என் மனைவி ஜெசிந்தா அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை. கடற்கரை ஊரான முட்டத்துக்காரி. நான் பூவுக்குப் பேர்போன தோவாளை. என் அப்பா பூ வியாபாரி. இருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காதலித்து, இரண்டு வீட்டாரையும் இரண்டு வருடம் அழவைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். "இவருகிட்ட என்னத்தட்டி கண்ட?" என்று அவளுடைய அக்கா கேட்டதற்கு, "சட்டையில பிச்சிப்பூ மணக்குதுக்கா" என்றாளாம். எனக்கு அது பெருமையாக இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவளுடைய அம்மா கருவாட்டுக்காரி. பாறை மேல் மீனைக் காயப்போட்டுவிட்டு அம்மா வீட்டு வேலைக்குப் போய்விட, பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் வரை காக்காய் விரட்டுவது ஜெசியின் வேலை. அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனால், பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், தள்ளி உட்காருவார்கள், அவ்வளவுதான். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் மே மாதத்தில் வந்தது. எங்கேயாவது வெளிநாடு போகலாம் என்று நான் ஆரம்பித்ததும் ஜெசி இரண்டே நிபந்தனை போட்டாள்.

"மீன் மணம் இல்லாத எடமா இருக்கணும். நான் சமைக்க மாட்டேன். வேற ஒண்ணும் வேண்டாம், நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வாறேன்."

இதைவிட எளிதாக ஒரு பெண்டாட்டி கேட்க முடியுமா? உலகத்தில் முக்கால்வாசி இடம் இதற்குப் பொருந்தும். கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் விரலை வைத்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். நான் கண்ணைத் திறந்து வைத்துத் தேடினேன்.

காரணம் என் சகலை வின்சென்ட். ஜெசியின் அக்கா மாப்பிள்ளை. மஸ்கட்டில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து, அக்காவோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்வந்தவர். அதன்பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் பந்தியில் இலை போடும் முன் அவருடைய போனில் பனிமலை வரும். மலைக்கு முன்னால் அண்ணன், மலைக்கு முன்னால் அக்கா, மலைக்கு முன்னால் இருவரும். "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கோணிப்போயிருந்தது.

ஆகவே நார்வே என்று முடிவு செய்தேன். அதிலும் எல்லாரும் போகிற இடம் கூடாது. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, சுற்றுலாக்காரர்கள் போகிற இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்தேன். இரண்டு வாரம் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசியில் வடக்கே, கடலுக்குள், ஒரு குட்டித் தீவு மிஞ்சியது. அதன் பெயரை இன்றைக்கும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. இணையத்தில் அதற்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. நீலக் கடல், சிவப்பு வீடு, வீட்டைச் சுற்றிப் பச்சைப் புல், புல் நெடுக வரிசை வரிசையாக உயரமான மரச்சட்டப் பந்தல்கள்.

பந்தலைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தோவாளையில் பிறந்தவன் கண்ணுக்கு ஒரு பந்தல் வேறு எதுவாகத் தெரியும்? எங்கள் வீட்டு முற்றத்தில் பிச்சிக்கொடிக்கு அப்பா போட்டிருந்ததும் அதே மாதிரிதான், அளவில் சின்னது.

"ஜெசி, இங்க பாரு. பூப்பந்தல்! ஊர் முழுக்கப் பூப்பந்தல்!"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு. ஆனா பூவக் காணலியே?"

"படம் எடுத்தப்ப பூத்து முடிஞ்சிருக்கும். நாம போறது கோடையிலல்லா? பந்தல் நிறைஞ்சு கிடக்கும் பாரு."

கோடை என்றால் என்ன? பள்ளிக்கூடம் அடைத்தால் கோடை. மே மாதம். நம்மூரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். இருபத்து மூன்றரை டிகிரிச் சாய்வெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கு. சொந்தமாக விடுமுறை போடும்போது பூமி எனக்கு நேராகத்தான் நின்றது.

அந்த வீட்டுக்காரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். மே மாதத்தில் கூட்டம் இருக்குமா என்று கேட்டேன். "மே மாதத்தில் யாருமே வர மாட்டார்கள்" என்று பதில் வந்தது. எனக்குக் கிடைத்த சந்தோஷத்தில் ஏன் வர மாட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. மரப்பந்தல்களைப் பார்த்த மாதிரி இருக்கும் அறைதான் வேண்டும் என்று மட்டும் மறக்காமல் எழுதினேன். "பொதுவாக விருந்தினர்கள் மறுபக்கத்து அறையைத்தான் கேட்பார்கள், நிச்சயமாக இந்த அறைதானா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். நிச்சயமாக என்று பெரிய எழுத்தில் பதில் போட்டேன். என்ன பூ என்று கேட்கலாமென்று ஒரு தடவை நினைத்தேன். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று எண்ணிவிடுவாளே, விட்டுவிட்டேன்.

வின்சென்ட் அண்ணனிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் தாடையைச் சொறிந்தார்.

"ஆளு போகாத எடம்னு சொல்லுதிய. ஏன் போகலன்னு கேட்டியளா மக்கா?"

"எல்லாரும் போற எடத்துக்குப் போறதுல என்னண்ணே இருக்கு?" என்றேன். (இதைச் சொல்வதற்காகத்தானே இவ்வளவு பாடும்!)

கிளம்பும் அன்றைக்குக் காலையில் ஜெசி தலையில் வைக்க நாலு முழம் பிச்சி வாங்கி வாழையிலையில் பொதிந்து வைத்திருந்தாள். "இத எதுக்குச் சுமக்க? அங்க பந்தல் பந்தலாக் கிடக்கு" என்று சொல்லி அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசிய முட்டாள்தனமான வார்த்தைகளுக்குப் போட்டி வைத்தால் இதற்குத்தான் முதல் பரிசு.

திருவனந்தபுரத்தில் ஏறி, மூன்று விமானம் மாறி, கடைசியாக ஒரு சின்னக் கப்பலில் அந்தத் தீவுக்குப் போனோம். கரை தெரிவதற்கு முன்னாலேயே ஜெசி மூக்கைத் தூக்கினாள்.

"என்ன மணம் இது?"

"கடல் மணம்."

"கடல் மணம் எனக்குத் தெரியாதா?"

எனக்கும் மூக்கு இருக்கிறது. கப்பல் ஒரு வளைவு திரும்பியது. பாறைகள் வந்தன. பாறைமேல் ஒரு கலங்கரை விளக்கம் வந்தது. அடுத்து நான் வர்ணித்த பந்தல்கள் வந்தன. நான் சொன்னது போலவே ஒன்றுவிடாமல் நிறைந்து கிடந்தன. இரண்டிரண்டாக வாலில் கட்டி, தலை வெட்டி, ஒவ்வொன்றும் கை நீளத்துக்கு, ஆயிரக்கணக்கில் மீன்.

ஜெசி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெட்டிய தலைகளைத் தனியாகக் கயிற்றில் கோத்து அடுத்த வரிசையில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"மாலையும் கெட்டிப் போட்டிருக்கு. தோவாளக்காரருக்குத் தோதான எடந்தான்" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "முட்டத்துல இந்தப் பாறை, வெளக்கு, மீனோட ஒரு சர்ச்சும் உண்டு. அதுதான் இஞ்ச இல்ல" என்றாள். கப்பல் இன்னும் கொஞ்சம் திரும்பியது. சர்ச்சும் இருந்தது.

வீட்டுக்காரி இங்ரிட் எங்களை விட இரண்டு மூன்று வயது மூத்தவள், சிரித்த முகம். விஷயத்தை அவள்தான் விளக்கினாள். குளிர்காலத்தில் பிடிக்கும் மீனை மாசியில் தொங்கவிட்டால் காய்ந்து இறக்க ஜூன் ஆகிவிடுமாம். படம் போன வருடம் ஆகஸ்டில், பந்தல் காலியாக இருந்தபோது எடுத்ததாம். தீவிலிருந்த ஒரே சாப்பாட்டுக் கடை ஜூன் பாதியில்தான் திறக்குமாம், அவர்களுக்குக் கோடை அப்போதுதான் ஆரம்பம். கப்பல் இனி நாலாவது நாள் வரும். "நீங்கள் கேட்ட அறை" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள். சன்னலுக்கு வெளியே, கைநீட்டினால் தொடும் தூரத்தில், மீன்.

சரி, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். வரவேற்பாக இங்ரிட் ஒரு பெரிய பச்சை மீனைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போனாள். தீவிலிருந்த மளிகைக் கடையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் மட்டுமே இருந்தன. நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது ஜெசி என் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். துண்டு எடுப்பதற்காகத் திறந்திருக்கிறாள். அவள் கையில் ஒரு பொட்டலம்.

மீன் குழம்புப் பொடி. கொஞ்சம் புளியும். போகிற இடத்தில் நாக்கு செத்துப்போனால் என்ன செய்வது என்று, எதற்கும் இருக்கட்டும் என்று, நான் ஒளித்து வைத்தது.

"மீன் இல்லாத ஊருக்கு மீன்பொடி எதுக்கு?" என்று கேட்டாள்.

பந்தலையும் மீனையும் பார்த்தபோது அழாதவள், அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இருபத்தஞ்சு வருசத்துல ரெண்டே ரெண்டு கேட்டேன். நீங்க மறக்கலன்னு தெரியும். மறந்திருந்தாக்கூடச் சாரமில்ல. ஞாபகம் வச்சிட்டே இத எடுத்து வச்சிருக்கிய. எப்படியும் நான் ஆக்குவேன்னு நினச்சிட்டிய, இல்லியா?"

உண்மை. அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. முகத்தை மறைத்துக்கொள்ள இருட்டுக்குக் காத்திருந்தால், நடுராத்திரியிலும் வெளிச்சமாக இருக்கிற அந்த ஊரில் இருட்டுவேனா என்கிறது. நான் பொடியைக் கையில் வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கத்தியை எடுத்தேன். நான் மீன் வெட்டிய லட்சணத்தைப் பார்க்க இங்ரிட் தன் புருஷனையும் கூட்டிவந்தாள்.

அந்த நாலு நாளும் நான்தான் சமைத்தேன். முதல் நாள் குழம்பில் மீனைக் காணவில்லை, கரைந்துவிட்டது. இரண்டாம் நாள் மீன் இருந்தது, குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஜெசி ரொட்டியைத் தொட்டுத் தின்றாள். என்னோடு பேசவே இல்லை.

மூன்றாம் நாள் காலை அவள் சன்னலோரம் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு காக்கை, நம்மூர்க் காக்கை இரண்டு சேர்ந்த பருமன், பறவைக்காகப் பந்தலைச் சுற்றிக் கட்டியிருந்த வலைக்கு இடையில் நுழைந்து பந்தலில் உட்கார்ந்து மீனைக் கொத்தியது. ஜெசி பார்க்காதது மாதிரி இருந்தாள். அது இன்னொரு கொத்து கொத்தியது. அவ்வளவுதான், காப்பியை வைத்துவிட்டு, ஸ்வெட்டரோடு வெளியே ஓடி, கீழே கிடந்த கம்பை எடுத்து, "ஏய்! போ சவமே!" என்று போட்டாளே ஒரு சத்தம்! காக்கை போன வேகத்தில் தீவிலிருந்த கடற்பறவை அத்தனையும் எழும்பிவிட்டது.

இங்ரிட் ஓடிவந்தாள். ஜெசி ஒரு மீனைப் பிடித்து வயிற்றுப் பக்கம் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, "இது காயல. உள்ள ஈரம் இருக்கு" என்று தமிழிலேயே சொன்னாள். இங்ரிட்டும் அமுக்கிப் பார்த்தாள். புருஷனைக் கூப்பிட்டு அவள் மொழியில் திட்டினாள். அந்த வரிசை முழுவதையும் காற்று வரும் பக்கம் மாற்றிக் கட்டினார்கள். மத்தியானம் பார்த்தால் இரண்டு பெண்களும் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் பக்கத்தில், தோள் இடிக்க. சின்ன வயதில் இங்ரிட்டும் இதே வேலைதான் பார்த்தாளாம். அவளும் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்தவள்தானாம். (இதை ஜெசி அன்று சாயங்காலம் சொன்னாள். இரண்டு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. இரண்டாவது, "குழம்புல உப்பு இல்ல.")

ஊருக்கு வந்ததும் வின்சென்ட் அண்ணன் வீட்டில் விருந்து. இலை போடும் முன் ஜெசி தன் போனை எடுத்து எல்லார் கையிலும் கொடுத்தாள். மீனுக்கு முன்னால் நான், மீனுக்கு முன்னால் நான், ஏப்ரன் கட்டி மீனுக்கு முன்னால் நான். அண்ணன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, "நல்லா இருக்கு மக்கா" என்றார். அவருடைய பனிமலை அன்றோடு ஓய்ந்தது. அதற்குப் பதிலாக எங்கள் குடும்பத்துக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாலும், விற்பனைக்கு வந்த வீடானாலும் பழைய காரானாலும், சின்னப் பிள்ளை முதற்கொண்டு கேட்கும், "எந்த மாசம் எடுத்த போட்டோ?"

போன மாதம் அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கத் தரகர் ஒரு படம் கொண்டுவந்தார். எல்லாரும் எங்கள் வீட்டு ஹாலில் கூடியிருந்தார்கள். நான் கண்ணாடியை மாட்டி, கையை நீட்டினேன்.

"அவருகிட்டக் காட்டாதிய" என்று ஜெசி படத்தை வாங்கிக்கொண்டாள். "மொதல்ல எந்த மாசம் எடுத்ததுன்னு கேளுங்க."

தரகருக்கு ஒன்றும் புரியவில்லை. மற்றவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஜெசி சிரிக்கவில்லை. அவள் சுவரில் தொங்கிய எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோவாளையிலிருந்து அப்பா கட்டிக் கொண்டுவந்த மாலை, ஆளுயரம். அதில் பூதான் தெரியும், என் முகம் தெரியாது.

"இதையும் அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றாள்.