நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததுமே, "வாங்க வாங்க, உக்காருங்க" என்று நோயாளி முந்திக்கொண்டார்.

அதைச் சொல்ல வேண்டியவன் இவன். வரவேற்புக்கு இரண்டு மதிப்பெண். அது வாசலிலேயே போய்விட்டது.

நிஜ நோயாளி இல்லை, நோயாளியாக நடிக்க மருத்துவக் கல்லூரி வரவழைக்கும் ஆள். அவரிடம், "உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது" என்று மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். அதுதான் தேர்வு. கோட்டைப் பார்த்தால் நோயாளி மிரளுவார் என்பதால் வெள்ளைக் கோட்டுக்குத் தடை. போன முறை இவன் இதில் கோட்டைவிட்டவன். இந்த முறையும் போனால் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே வகுப்பை மறுபடி படிக்க வேண்டும்.

அதில் ஒரு மானப் பிரச்சினையும் இருந்தது. 'நோயாளியிடம் பேசுவது எப்படி?' என்று அவன் போடும் வீடியோக்களை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். கல்லூரியில் அவன் பெயரே ரீல்ஸ் டாக்டர். வீடியோவில் கண் மட்டும் தெரிய மாஸ்க் போட்டுக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, "நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்பான். எதிரே நோயாளியாக இருப்பது அவன் தலையணை. தலையணை இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

மனிதர்கள் என்றால்தான் வம்பு. போன தேர்வில் தேம்பி அழுத நோயாளியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில், "மறக்காம ஃபாலோ பண்ணுங்க" என்று சொல்லித் தொலைத்தான். அவன் அம்மா கேட்பதும் நியாயம்தான்: "ஊருக்கே பேசக் கத்துக்குடுக்கற, நான் கேட்டா மட்டும் 'ம்'முன்னு உறுமற. ஏன்டா?"

காலையில் பேராசிரியை, தேர்வுக்கு வந்திருந்த வெளிக் கல்லூரி மாணவர்களுக்கும் சேர்த்து விதிமுறைகளை விளக்கியபோது, அவன் கடைசி வரிசையில் 'பதறாமல் தேர்வை எதிர்கொள்வது எப்படி?' என்ற வீடியோவுக்குப் பின்னணி இசை சேர்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்ததும் தன் முறைதான் என்று பதறி, விழுந்தடித்து ஓடி வந்துவிட்டான்.

உட்கார்ந்தான். நோயாளி தாடி வைத்த, முப்பது வயது மதிக்கத்தக்க ஆள். சட்டையைக் கச்சிதமாக இஸ்திரி போட்டிருந்தார்.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தான்.

"எனக்கென்னங்க, நல்லா இருக்கேன். உங்க உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கும் ஒண்ணும் இல்லைங்க. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."

"இல்ல, நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அவன் திடுக்கிட்டான். இவன் வசனமாயிற்றே! பேராசிரியை இவன் வீடியோக்களைப் போட்டுக் காட்டித்தான் ஆளைத் தயார் செய்திருக்கிறார். கிண்டலுக்கு அளவில்லையா?

சரி, நெருக்கம் காட்டுவோம் என்று முன்னால் சாய்ந்து தலையைச் சரித்தான். நோயாளியும் முன்னால் சாய்ந்து அதே பக்கம் சரித்தார். இரண்டு நெற்றிகளும் முட்டிக்கொண்டன.

"சாரிங்க, வலிச்சுதா?"

"வலியை வார்த்தையால சொல்லுங்க. மனசு லேசாகும்" என்றார் நோயாளி, நெற்றியைத் தடவியபடி.

இதுவும் இவன் வீடியோதான். எட்டாயிரம் லைக் வாங்கியது. எதிரே உட்கார்ந்து கேட்டபோது, இப்படிப் பேசுகிறவனை ஓங்கி ஓர் அறை விடலாம்போல இருந்தது.

அடுத்து மௌனம். 'பேசாமல் இருந்தால் நோயாளி தானாக மனம் திறப்பார்' என்பது அவன் உபதேசம். பேசாமல் இருந்தான். நோயாளியும் இருந்தார். மின்விசிறி மட்டும் பேசியது. நேரம் ஓடுவதைப் பார்த்து இவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

இனி நேராக விஷயத்துக்கு வந்துவிட வேண்டியதுதான்.

"மனசைத் திடப்படுத்திக்கங்க. ரிப்போர்ட் வந்துடுச்சு."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க திடப்படுத்திக்கங்க."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு."

"எனக்கு இல்லைங்க, உங்களுக்கு."

"எனக்கு எதுக்குங்க இருக்கணும்? உங்களுக்குத்தான்!"

"முதல்ல எல்லாரும் இப்படித்தான் ஒத்துக்க மாட்டாங்க. பரவால்ல, அழணும்னா அழுதுடுங்க" என்று நோயாளி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

கையைப் பிடிப்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு. விடக்கூடாது என்று இவனும் மற்றக் கையால் அவர் கையைப் பிடித்தான். இரண்டு பேருமே விடவில்லை. அப்போதுதான் அந்தக் கையின் நகங்கள் ஒட்டக் கடிபட்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. பார்ப்பது தன் கையைத்தானோ என்று முதலில் சந்தேகப்பட்டான். இருவர் கையிலுமே நகம் மிச்சமில்லை.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. வீடியோ, வசனம், மதிப்பெண் எல்லாம் மறந்துபோனது.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றான். "ஆளைப் பாத்துப் பேசணும்னா நாக்கு ஒட்டிக்குது. எங்க அம்மாகிட்டகூட இதைச் சொன்னதில்ல."

நோயாளியின் கண் கலங்கியது. "எனக்கும்தாங்க. விடிய விடியத் தூக்கமே இல்ல. என்ன ஆகப்போகுதோன்னே யோசனை. வீட்ல யாருக்கும் தெரியாது."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா, இவ்ளோதானா உன் தைரியம்னு சிரிப்பாங்க."

"சிரிக்க மாட்டாங்க. நான் சிரிச்சேனா?"

அடடா, என்ன நடிப்பு என்று வியந்தான். அப்படியும் மனசு கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டீங்களா, கூடப் பிறந்தவங்க யாரும் இருக்காங்களா என்றெல்லாம் விசாரித்தான். தலை நேராகவே இருந்தது. இந்த முறை பாஸ்தான் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. தேர்வறைப் பியூன் எட்டிப் பார்த்தார்.

"பரீட்சைக்கு ஒருத்தர் ஒருத்தராத்தானே தம்பிகளா வரச் சொன்னாங்க? பேஷன்ட்டா நடிக்க வந்த அம்மா இவ்ளோ நேரம் வாசல்லயே நின்னு பாத்துட்டு, 'உள்ளதான் ஏற்கெனவே ரெண்டு பேஷன்ட் இருக்காங்களே, நான் எதுக்கு'ன்னு வீட்டுக்குப் போயிட்டாங்க."