மாரித்தாயின் நரை

செத்துப்போன பிறகு ஒருத்திக்கு எப்படி நரைக்கும் என்பதுதான் சோலைச்சாமிக்கு விளங்கவில்லை.

அவன் மனைவி மாரித்தாய் காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகிறது. நாற்பத்தொரு வயது, ஒரு முடிகூட வெளுக்காமல் போனாள். இப்போதோ, அவன் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிவிட்டு வந்து, அவள் படத்துக்கு விளக்குப் போட்டு முன்னால் உட்கார்ந்து எழுந்தால், எதிர்ச் சுவரில் வந்து நிற்கிறாள். முகம் கறுத்து, தலை பஞ்சாய் வெளுத்து. பேச வாயெடுப்பதற்குள் மறைந்துவிடுகிறாள்.

"மதினிக்கு அங்கன என்ன கவலையோ," என்றாள் பக்கத்து வீட்டில் இருக்கும் தங்கச்சி மாடத்தி. "படையல்ல ஒரு டை பாக்கெட்டு வையிண்ணே."

"ஏ கிறுக்கி, செத்தவளுக்கா டை?"

"நரைச்சவளுக்கு."

வைத்தான். அதிரசம், வெற்றிலை, நடுவில் டை பாக்கெட். அன்றைக்கும் வெள்ளைத் தலையோடுதான் வந்தாள்.

சுவர் அழுக்கால் அப்படித் தெரிகிறதோ என்று வெள்ளையடித்தான். இன்னும் துலக்கமாக வந்தாள்.

கடைசியில், படம் அச்சடித்த சிவகாசி அச்சகத்துக்கே போனான். கம்ப்யூட்டரில் படம் திருத்தும் பிரீத்திகா முடியைக் கன்னங்கரேலென்று ஆக்கி, முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, பெரிதாக அடித்துக் கொடுத்தாள். அன்று சுவருக்கு வந்தவள் எழுபது வயதுக் கிழவி.

மறுநாளும் அந்தப் படத்தோடு போய் நின்றான். "இன்னும் கறுப்பா அடிங்க தாயி."

"இதுக்கு மேல தார்தான் ஊத்தணும் அண்ணாச்சி." அவன் சிரிக்காததைக் கண்டு நாற்காலியைத் திருப்பினாள். "என்ன விசயம்?"

சொன்னான்.

"படத்துல எங்கன பாப்பீக?"

"நெத்திப் பொட்டைத்தான்."

"கண்ணை எடுக்காமலா?"

"எடுக்க முடியலையே தாயி."

"அதான் அண்ணாச்சி. ஒரே இடத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா, வெளிச்சமான முகம் விழுற இடம் கண்ணுக்குள்ள அசந்துபோகும். கறுப்பு முடி விழுற இடத்துக்கு வேலை கம்மி, அது அசராது. அப்புறம் வெள்ளைச் சுவத்தைப் பாத்தா அசந்த இடம் மங்கலாவும், அசராத இடம் பளிச்சுனும் தெரியும். கண்ணோட அசதின்னு மூளைக்குத் தெரியாது. ஆளே நிக்கிதுன்னு காட்டிரும். எனக்கும் வேலை முடிஞ்சா சுவரெல்லாம் மத்தாப்பு லேபிளாத்தான் தெரியும்."

"அப்ப அவ கவலையில நரைக்கல?"

"இல்ல."

அவன் முகம் தெளிந்தது. உடனே அது வாடிப்போனது.

"அப்ப அவ... வரவும் இல்ல."

பிரீத்திகா அந்தப் படத்தைச் சுருட்டி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இதையே மாட்டுங்க அண்ணாச்சி. அரை நிமிசம் சிமிட்டாம பொட்டைப் பாத்துட்டு, வெள்ளைச் சுவத்தைப் பாருங்க. உங்ககூட இருந்து கிழவியாகியிருந்தா எப்படி இருந்திருப்பாகளோ, அப்படித் தெரிவாக."