கேரியர் இல்லாத சைக்கிள்

சைக்கிளை நிறுத்திவிட்டு ராஜகுமார் வாய் திறப்பதற்குள் டீக்கடை ஷட்டர் கடகடவென்று கீழே இறங்கியது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பால் பொங்கி வழிந்து கருகும் மணம் ரோடு வரைக்கும் வந்தது.

"ஒரு டீ. சீனி வேண்டாம்," என்று அவர் ஷட்டரிடம் சொன்னார்.

ஷட்டருக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடாமல் ஜெபம் பண்ண ஆரம்பித்தார்கள்.

விடிந்தும் விடியாத நேரம். மழைமேகம் கவிந்திருந்ததால் பனைவிளையின் தென்னைமரங்களுக்குக் கீழே இன்னும் இருட்டு மிச்சம் இருந்தது. ரோட்டோர நாய்கள் எழுந்து வந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. அவரைச் சுற்றி நின்று வாலை ஆட்டின. முன்பின் தெரியாத நாய்கள் இத்தனை மரியாதை காட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதிலும் அவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு நின்றன.

ராஜகுமார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. இருக்கவும் வழியில்லை. அது ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய அலுமினிய ரேஸ் சைக்கிள், பின்னால் கேரியரே கிடையாது. கேரியர் இல்லாத வண்டியில் பின்னால் யார் உட்கார முடியும்? உட்கார இடம் தேவைப்படாதவர் உட்காரலாமே என்று மனசுக்குள் ஒரு எண்ணம் வந்தது. அதற்குமேல் அவர் டீக்காக நிற்கவில்லை.

ராஜகுமாருக்கு ஊர் நெய்யூர். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை. அவர் ஆசைப்பட்டு சைக்கிள் வாங்கிய ஆள் இல்லை, பயந்து வாங்கியவர். சர்க்கரை கூடிப்போயிருந்தது. "உடம்ப அசைச்சுக் குறைக்கல்லண்ணா அடுத்தது ஊசிதான்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதே சர்க்கரையால் ராஜகுமாரின் அப்பா ஒரு காலை இழந்து, கடைசிக் காலத்தைக் கட்டிலிலேயே கழித்தவர். ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்கிய அந்த வேட்டி ராஜகுமாரின் கனவில் இன்றைக்கும் வரும். நடக்கலாம் என்றால் முட்டு வலி. அதனால் சைக்கிள்.

பனைவிளையில் ராஜையன் என்பவருடைய வண்டி விலைக்கு இருந்தது. குவைத்திலிருந்து திரும்பி வந்து, தினமும் காலையில் குளச்சல் வரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஈஸ்டருக்கு முந்தி ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். வெளிநாட்டில் இருந்த மகள் ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தாள். ராஜகுமார் போனபோது நாகர்கோவில்காரர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். "கேட்டதுக்கு மேல தாறேண்ணு சொன்னேன். தர மாட்டேங்காவ," என்று போகிறபோக்கில் சொன்னார்.

ராஜையனின் மனைவி ஜெபகனி வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

"சாருக்கு வீடு எங்க?"

"நெய்யூரு."

"காலத்த எந்தப் பக்கம் ஓட்டப் போறிய?"

"குளச்சல் போயிட்டுத் திரும்பி வரணும்."

"இந்த ரோட்டு வழியா?"

"வேற வழி உண்டா?"

ஜெபகனி உள்ளே போய் ஒரு ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, சைக்கிள் ஓட்டப் போடுகிற மஞ்சள் பனியன் எல்லாம் எடுத்து வந்தார். "இதும் அவருக்கதுதான். கொண்டு போங்க," என்றார். ராஜகுமார் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு பாதி விலை கேட்டார். அந்த அம்மாள் பேரம் பேசாமல் தலையாட்டினார். நாகர்கோவில்காரனால் முடியாதது தன்னால் முடிந்ததே என்று ராஜகுமார் வழிநெடுகத் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே வந்தார்.

திங்கள்சந்தையில் ஜினோவின் சைக்கிள் கடையில் வண்டியை அவர் உயரத்துக்குத் தோதாக்கினார்கள். சீட் இறங்கியது. ஹேண்டில் ஏறியது. மெல்லிசு டயருக்குக் காற்றடிக்க உள்ளூர் பம்ப் வாய் பொருந்தவில்லை, அதற்குத் தனியாக ஒரு சின்ன மூடி வாங்கவேண்டி வந்தது. எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்தால், மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்திலிருந்து டிக்டிக்டிக்கென்று ஒரு பெரிய சத்தம். மறுபடி மிதித்தால் நின்றுவிடும்.

"இது என்னடே சத்தம்?"

"வெல கூடின வண்டி அப்பிடித்தான் சாரே. சும்மா உருளும்போ சத்தம் வரும். ஊரே திரும்பிப் பாக்கும்," என்றான் ஜினோ.

ஊர் திரும்பிப் பார்த்த லட்சணத்தைத்தான் டீக்கடையில் பார்த்தாயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவி ஷைஜாவிடம் நாயைப் பற்றிச் சொல்லவில்லை. ஷட்டரை மட்டும் சொன்னார்.

"தொந்தியும் கைலியுமா ரேஸ் சைக்கிள்ல போனா எவன் கட தொறப்பான்?" என்றாள் ஷைஜா. "அந்த மஞ்ச பனியனப் போட்டுட்டுப் போங்க. ஹெல்மெட்டும் வச்சா ஆளு ஆருண்ணே தெரியாது."

ஆள் யாரென்று தெரியக்கூடாது. அந்த யோசனை ராஜகுமாருக்கு மிகவும் பிடித்துப்போனது. மறுநாள் ராஜையனின் பனியனைப் போட்டார். ஹெல்மெட்டை மாட்டினார். கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, கூட்டம் குறைவாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் முந்தியே கிளம்பினார்.

குளச்சலிலிருந்து மீன்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பூங்கனி என்கிற மீன்காரி எதிரே வந்தாள். பனைவிளை வளைவில் அவள் கண்ணில் மஞ்சள் பனியன் பட்டது. சட்டியைப் பதனமாக ரோட்டோரத்தில் இறக்கி வைத்தாள். பிறகு ஓட ஆரம்பித்தாள்.

ராஜகுமார் இளகிய மனசுக்காரர். மீனை நாய் தின்றுவிடுமே என்று பதறிப்போனார்.

"எம்மா, மீன விட்டுட்டுப் போறிய," என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓட்டினார். சரிவில் மிதிக்காமல் வண்டி உருண்டது. டிக்டிக்டிக்கென்று சத்தம் அவள் பின்னாலேயே போனது. பூங்கனி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கண்ணும் அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்ததுபோல ராஜகுமாருக்குத் தோன்றியது. அவள் வேலியைத் தாண்டி வாழைத்தோட்டத்துக்குள் புகுந்து மறைந்தாள்.

ராஜகுமார் வண்டியை நெய்யூர் பக்கம் திருப்பினார். இனிச் சந்தேகமே இல்லை. ராஜையன் தன் வண்டியை விட்டுப் போகவில்லை. பின்னால்தான் வருகிறார். இந்த உலகத்தில் தன் ஒருவனைத் தவிர எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். மிதிப்பதை நிறுத்தும்போதெல்லாம் கேட்கிற அந்தச் சத்தமும் இப்போது வேறு மாதிரி கேட்டது. நிறுத்தாதே, மிதி என்று பின்னாலிருந்து யாரோ நாக்கைச் சொடுக்குகிற சத்தம். அன்றைக்கு நெய்யூர் வரைக்கும் அவர் ஒரு நொடிகூட மிதிப்பதை நிறுத்தவில்லை. சர்க்கரைக்கு அது நல்லதுதான், உயிருக்குத்தான் பொறுக்கவில்லை.

"இந்தச் சத்தத்த நிறுத்து," என்றார் ஜினோவிடம்.

"நல்ல வண்டிய ஏன் சாரே கெடுக்கணும்?"

"நிறுத்துண்ணா நிறுத்துடே."

ஜினோ பின்சக்கரத்தைக் கழற்றி, நடுவில் கிரீஸை அப்பி நிரப்பினான். வண்டி ஊமையாகிவிட்டது.

மறுநாள் ராஜகுமார் சத்தமே இல்லாமல் பனைவிளைக்குள் நுழைந்தார். வழுக்கிக்கொண்டு போனது வண்டி. இலை விழும் சத்தம் கேட்டது. சத்தம் போன பிறகு ராஜையனும் போயிருப்பார் என்று நினைத்தவருக்கு, இப்போது அவர் இன்னும் நெருங்கி வந்து காதோரம் மூச்சுவிடுவதுபோல இருந்தது. முன்பாவது எங்கே இருக்கிறார் என்று தெரியும்.

ஜெபகனியின் வீட்டைத் தாண்டும்போது அந்த அம்மாள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து வழி மறித்தார். தலைமுடி கலைந்து கிடந்தது.

"வண்டிக்கு என்ன ஆச்சு சாரே?"

"ஒண்ணும் ஆகல்லியே."

"சத்தம் கேக்கல்லியே."

"அத சரி பண்ணியாச்சும்மா. உள்ள கிரீஸ் வச்சிருக்கு."

ஜெபகனியின் முகம் வாடிப்போனது. "அது சரியாத்தான இருந்துது," என்றார் தாழ்ந்த குரலில். அவருடைய பார்வை மஞ்சள் பனியன்மேலேயே நின்றது. பிறகு உள்ளே போய்விட்டார்.

ராஜையனின் பெஞ்சாதிக்கே பயமாக இருக்கிறது என்று ராஜகுமார் எடுத்துக்கொண்டார். இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் ஷைஜா பெண்கள் சங்கத்தில் கேட்ட செய்தியைக் கொண்டுவந்தாள். "பனைவிளை சர்ச்சில நாளைக்கு விசேஷ ஜெபமாம். அங்க ஒரு ஆவி அலையுதாம்."

"நான் போணும்," என்றார் ராஜகுமார்.

"நீங்க ஏன்?"

"ஏட்டி, அது எனக்க பின்னாலதான் அலையுது."

சர்க்கரை தலைக்கு ஏறுமா என்று டாக்டரிடம் கேட்கவேண்டும் என்று ஷைஜா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் வெள்ளைச் சட்டையும் வேதப்புத்தகமுமாக ராஜகுமார் பஸ்ஸில் போய் இறங்கினார். கோயில் நிறைந்திருந்தது. சைக்கிள் இல்லாமல் வந்த அவரை யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து ஊரிலிருந்து பாரப்பட்டு ஜெபிக்க வந்த சகோதரன் என்று போதகர் மகிழ்ந்து, முதல் ஜெபத்தை அவரையே செய்யச் சொன்னார்.

ராஜகுமார் உருகிவிட்டார். "ஆண்டவரே, வண்டியில வருகிற அந்த ஆவியை இந்த ரோட்டிலிருந்து விரட்டும். இனி ஒருநாளும் பனைவிளைக்குள் அது தலைகாட்டக் கூடாது. அதன் காலைக் கட்டிப்போடும்," என்று கண்ணீர் விட்டுக் கேட்டார். கோயிலே அதிர ஆமென் என்றார்கள். அவருடைய ஆமெனும் அதில் பலமாகக் கேட்டது.

அடுத்து டீக்கடை முத்துநாயகம் சாட்சி சொல்ல எழுந்தார்.

"எனக்க கண்ணால கண்டேன். அதே வண்டி. மறுநாளு அதே மஞ்ச சட்ட. கறுப்புக் கண்ணாடி. ராஜையன் கேக்கதுபோல சீனி இல்லாத டீயும் கேட்டுது. அவரு பனியனுக்கப் பின்பாக்கெட்டில பிஸ்கட் வச்சிருப்பாருல்லா? நாயெல்லாம் போய் முதுகப் பாத்துட்டு நிக்குது."

ராஜகுமாரின் கையிலிருந்து வேதப்புத்தகம் நழுவியது.

"எனக்க பின்னால மீனு கேட்டு வெரட்டிச்சு," என்றாள் பூங்கனி.

"முந்தி சத்தமாவது வரும், ஒதுங்கிக்கிடலாம்," என்றார் முத்துநாயகம். "இப்ப அதும் இல்ல. உபத்திரவம் கூடிப்போச்சு."

"அந்த வண்டி வீட்டிலதான இருக்கு?" என்று போதகர் கேட்க, எல்லோரும் திரும்பி ஜெபகனியைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஜெபகனி சேலைத் தலைப்பை நெற்றிக்கு இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் வாயிலிருந்து ஆமென் உட்பட ஒரு வார்த்தையும் வரவில்லை.

கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது. குளச்சலிலிருந்து பெரிய வலை கொண்டுவந்து, விடியற்காலையில் வளைவில் இரண்டு பக்கமும் ஆள் நிற்பது. வந்ததும் வீசிவிடுவது. வெளியூர்ச் சகோதரனும் கூட நின்று ஜெபத்தால் தாங்கவேண்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார். வலைக்கு வெளியே நிற்பதா உள்ளே நிற்பதா என்று தெரியாமல் ராஜகுமார் தலையாட்டி வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் ஜெபகனி மட்டும் கல்லறைத் தோட்டத்து மதிலருகே நின்றார். ராஜகுமார் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

"எம்மா, அது ஆவி இல்ல. நான்தான்."

"தெரியும் சாரே."

"பின்ன ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல? நாளைக்கு என்னய வலையில கோரப் போறாவ."

"வலக்காரன் எனக்க அண்ணன் மவன்தான். நான் சொல்லிக்கிடுதேன்."

"வேண்டாம். வண்டிய நாளைக்கே திருப்பிக் கொண்டு தாறேன்," என்றார் ராஜகுமார். சொல்லும்போதே அப்பாவின் வெறும் வேட்டி நினைவுக்கு வந்தது. "எனக்கு ஊசிதான் விதிச்சிருக்குண்ணா போட்டுக்கிடுதேன். நீங்க வேற ஆருக்காவது குடுங்க. கூடுதல் வெல கெடைக்கும்."

ஜெபகனி மதிலுக்கு அப்பால், புதுச் சிமெண்டு பூசிய கல்லறையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"கூடுதல் தாறேண்ணு எத்தன பேரு வந்தாவ சாரே, அதுல ஒருத்தருக்காவது எனக்க வாசல் வழியா போக்கு உண்டா? அந்தக் கிரீசத் தொடச்சிட்டு நாளைக்கும் வாருங்க, அந்தச் சத்தம் கேக்காம எனக்கு விடிய மாட்டேங்கு."