அபலோனியாவின் கடைசி வாக்கியம்

"கல்லு தயார் ஐயா. எழுத்துதான் வரல. நவம்பர் பொறந்ததும் லூப்ளின்ல இருக்கிற அத்தனை பேரும் மெழுகுவத்தியோட கல்லறைக்கு வந்துருவாங்க. உங்க வீட்டுக்காரம்மா கல்லு மட்டும் மொட்டையா நிக்கணுமா?" என்றார் கல்தச்சர் வாலென்ட்டி.

"வாசகம் இருக்கு. சரிபார்த்துட்டிருக்கேன்," என்றார் தியோஃபில் வில்செக்.

"நாலு வார்த்தையை ஆறு மாசமாவா?"

"அது சாதாரண மொழி இல்ல."

"அதுதான் ஊருக்கே தெரியுமே," என்று வாலென்ட்டி உளியைத் துடைத்தார்.

சாதாரண மொழி இல்லைதான். தபால் நிலையத்தில் ரஷ்ய மொழி, சந்தையில் யூதர்களின் இத்திஷ், வீட்டில் போலிஷ் என்று கிடந்த ஊரில், மனிதகுலம் அடித்துக்கொள்வது ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாததால்தான் என்று கண்டுபிடித்து, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆய்வாளர் தியோஃபில் இளவயதிலேயே தன் கையால் செய்த உலக மொழி. பெயர் வெராலு. சீனர்களுக்கு நாக்கு புரளாது என்று மூன்றாம் திருத்தத்தில் 'ர'வை எடுத்தபோது மொழி தன் பெயரையே தொலைத்து வெலாலு ஆனது. சீனர் யாரும் இன்னும் வந்து சேரவில்லை.

ஒவ்வொரு திருத்தம் நிறைவேறியதும் பழைய அகராதிகளை வெலாலு சங்கத்துக் கணப்பில் போட்டு எரிப்பது வழக்கம். இல்லாவிட்டால் உறுப்பினர்கள் பழைய சொற்களையே கட்டிக்கொண்டு கிடப்பார்கள். தீ எரியும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். மனைவி அபலோனியா தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

வீட்டில் உலக மொழி மட்டும்தான். கல்யாணமான மறுமாதமே சட்டம். மனைவி பேசுவாள், இவர் திருத்துவார். மகள் செலினா பிறந்தாள், அவளையும் திருத்தினார். திரைச்சீலையில் தீப்பிடித்துவிட்டது என்று அபலோனியா ஓடிவந்து சொன்னபோதுகூட வாக்கியத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கினார். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் தாயும் மகளும் ஏதோ பேசிச் சிரிப்பது காதில் விழும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். என் மொழிக்கு உயிர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

சென்ற வசந்தத்தில் அபலோனியா நோயில் படுத்தாள். கடைசி நாள் மகள் கட்டில் பக்கத்தில் இருந்தாள். தியோஃபில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அபலோனியா அவரைப் பார்த்தாள். மெல்லச் சொன்னாள்: "தூபி லா, நெமு கா."

பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

எரித்த பதிப்பு ஏதோ ஒன்றின் சொற்களாக இருக்க வேண்டும். செலினாவைக் கேட்டிருக்கலாம். மொழியைப் பெற்ற தகப்பன் மகளிடம் போய் அர்த்தம் கேட்பதா? கேட்கவில்லை. அவள் வார்சாவுக்குத் திரும்பிவிட்டாள். அந்த நாலு வார்த்தைகள் மட்டும் வீட்டில் அவரோடு தங்கிவிட்டன. சூப் குடிக்கும்போது, மேலங்கி மாட்டும்போது, உதடு தானாக அவற்றைச் சொல்லும். கல்லில் வேறு எதைச் செதுக்குவது?

சங்கத் தலைவர் குல்பின்ஸ்கியின் மருந்துக்கடைக்குப் போனார். நைசாக அர்த்தத்தைக் கறந்துவிடலாம் என்று எண்ணம்.

"இது புதுத் திருத்தப்படி எப்படி வரும்?"

குல்பின்ஸ்கி காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆகா," என்றார்.

"என்ன ஆகா?"

"எவ்வளவு ஆழம். நீங்கதான் விளக்கணும்."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"உங்க முன்னாடி நான் சொல்றதாவது."

இருவரும் சற்று நேரம் இருமல் மருந்துப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பிக்க வேறு வழி தெரியாத குல்பின்ஸ்கி விஷயத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கேயும் புரியவில்லை என்று சொல்ல ஆளில்லை. பாட்டு ஆசிரியை யூலாலியா, "கா" காதைக் கீறுகிறது என்றாள், அது போயிற்று. "நெமு" புது விதிக்கு விரோதம் என்று இன்னொருவர் சொல்ல, அதுவும் போயிற்று. கடைசியில் "தூலி லெ நெலி லெ" என்று ஏகமனதாக நிறைவேற்றி, கீழே சங்க முத்திரையும் போடச் சொல்லி நேரே கல்தச்சருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

தியோஃபில் பட்டறைக்கு ஓடியபோது பாதி செதுக்கியாகிவிட்டது.

"அழிங்க."

"கல்லை எப்படி ஐயா அழிக்கிறது? தேய்க்கத்தான் முடியும்."

"தேய்ங்க. அவ சொன்னது சொன்னபடி வரணும். அவ வாயைத் திறந்தப்பல்லாம் திருத்தினேன். இதையாவது விட்டுடறேனே."

வாலென்ட்டி தேய்க்க உட்கார்ந்தார். தியோஃபில் அன்றே தான் தொடங்கிய சங்கத்தை விட்டு விலகினார்.

நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் திருநாளன்று கல்லறை முழுக்க மெழுகுவத்திப் புகை. கூப்பிடாமலே குல்பின்ஸ்கி செவ்வந்திப் பூங்கொத்தோடு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "'மாந்தரே, கைகோத்து நில்லுங்கள்' என்று கடைசி மூச்சிலும் உலகுக்குச் சொன்ன அம்மையார்..."

செலினா கல்லைப் படித்தாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"சரியா வந்திருக்காம்மா?"

"ஒரு எழுத்து தப்பில்லப்பா." அவர் கையை ஒரு தடவை அழுத்தினாள். அணைந்த மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கல்லறையில் நெருப்பு வாங்கப் போனாள்.

தியோஃபில் மருமகன் கஸ்பரின் பக்கம் நகர்ந்தார். நில அளவையாளன். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிற ஆள்.

"மாப்பிள்ளை, செலினா வீட்ல இந்த மாதிரி பேசறதுண்டா?"

"எப்பவும் இதுலதான் மாமா. குழந்தைங்களும்தான். எனக்கே கத்துக்குடுத்துட்டா."

இத்தனை வருஷத்தில் தியோஃபிலின் முகம் அப்படி மலர்ந்ததில்லை. ஒரு குடும்பம். குழந்தைகள். அபலோனியா இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும்.

"அப்போ உனக்கு அர்த்தம் தெரியும்," என்றார் தாழ்ந்த குரலில். "எனக்கு மறந்துபோச்சுப்பா. அவ என்னைப் பார்த்துச் சொன்னது. என்னன்னு தெரிஞ்சா போதும்."

கஸ்பர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நீங்க மறக்கல மாமா, இது உங்க மொழியே இல்ல, நீங்க திருத்த முடியாத ஒண்ணு வேணும்னு அத்தையும் இவளுமா உண்டாக்கிக்கிட்டது, இதுக்கு அர்த்தம், 'அவர் வர்றார், பேச்சை மாத்து.'"