சுலோச்சனா மைக் பறித்த படலம்

வலது முழங்காலில் ஆணி அறைந்தாற்போன்ற நோவைத் தாங்கியவளே, விசைத்தறி முன் இருபத்திரண்டு ஆண்டு நின்றே எலும்பு தேய்ந்தவளே, நகரி நெசவாளர் குலவிளக்கே, சுலோச்சனா எனும் வீறுடையாளே, வாழி! நின் போரைப் பாடப் புகுந்தோம்.

அரசு ஆஸ்பத்திரியின் மாத்திரை சன்னல் முன் மாதந்தோறும் கால்கடுக்க நிற்கும் பெண்டிர் படைக்கு உட்கார ஒரு பெஞ்சு வேண்டும், அதை மினிட்ஸ் நோட்டில் ஏற்றாமல் வீடு திரும்பேன் என்று வஞ்சினம் கூறி, 'மக்கள் குரல் கேட்கும் கூட்டம்' நடந்த ஷாமியானாவுக்குள் நொண்டியபடி புகுந்தாள் நம் தலைவி.

அங்கே, மைக் எனும் ஒற்றைச் செங்கோலை இரு கையாலும் இறுகப் பற்றி, மக்கள் குரல் எத்தனை முக்கியம் என்பதை ஐம்பது நிமிடமாக மக்களுக்கே விளக்கிக்கொண்டிருந்தார் ஆஸ்பத்திரி கமிட்டித் தலைவர் விஜயராகவன், சால்வைகளின் மலை, சொல்லின் அடைமழை.

மும்முறை கை உயர்த்தினாள். மும்முறையும் "ஆகண்டம்மா, கொஞ்சம் இரும்மா, லாஸ்ட்ல சான்ஸ் கீது" எனும் அம்பு பாய்ந்தது. அவர் தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டிய இமைப்பொழுதில், யானைமேல் பாயும் புலியென, முழங்கால் விட்ட அளவுக்குப் பாய்ந்த புலியென, மைக்கைப் பறித்தாள்.

பறித்தவள் ஒன்றை மறந்தாள். முப்பது தறி ஒருங்கே இடிக்கும் கூடத்தில் பக்கத்துத் தறிக்காரியிடம் வெற்றிலை கேட்கவே அலறிப் பழகிய தொண்டை அது.

"மாத்திரை வாங்க ரெண்டு மணி நேரமா நின்னுகினே கீறோம், குந்த ஒரு பெஞ்சு போடுங்க சாரூ!"

ஊழி இடி இடித்தது. ஸ்பீக்கர் 'கொர்' என்று ஒருமுறை அரற்றி வீரமரணம் எய்தியது, காகங்கள் புத்தூர்த் திசைக்குப் புலம்பெயர்ந்தன, பின்வரிசையில் உறங்கிய சுகாதார ஆய்வாளர் எழுந்து நின்று கைதட்டினார், பெண்டிர் படை "போடுங்க, போடுங்க!" என ஆர்ப்பரித்தது. விஜயராகவனோ படைக்கலம் இழந்த மன்னராய் நாற்காலியில் சரிந்தார்.

காதைப் பொத்திய கையை எடுத்தார், மினிட்ஸ் நோட்டும் பேனாவுமாய் மேடையில் அமர்ந்திருந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஹரிப்ரியா. "எழுதறேம்மா, எழுதறேன்! கொஞ்சம் மெல்லமா பேசுங்க!"

"மெல்லமாத்தான் மேடம் பேசறேன்!"

பதினோராம் தீர்மானம், பத்தே நாளில் பெஞ்சு, என்று நோட்டில் பொறிக்கப்பட்டது. ஊதுக சங்கம்! முழங்குக முரசம்! விண்ணவர் பூமாரி பொழிக!

மூன்று மாதம் ஆகிறது, ஆஸ்பத்திரி அவளுக்கு இன்னும் ஒரு பெஞ்சு பாக்கி வைத்திருக்கிறது.