இருபத்திரண்டு வாத்தியமும் எட்டு ஜிபியும்

கம்போங் ராஜா,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய வீட்டுக்காரர் ஷஹாபுதீன் பாய் அவர்களுக்கு,

உங்கள் கீழ்வீட்டில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கும், தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்கு பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற ஆண்டியப்பன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமென்றும், ரிங்லெட்டில் ரொட்டிக் கடை நல்ல கூட்டத்தோடு நடக்கிறதென்றும் நம்புகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர மற்றவை நலம்.

போன மாதம் எழுதிய கடிதத்தில், மாடியில் குடியிருக்கும் யுவனேஸ்வரி ஐம்பது பேரைக் கூட்டி வயலின் ஒத்திகை நடத்துகிறார், உடனே காலி செய்ய வையுங்கள் என்று கேட்டிருந்தேன். அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். ஐம்பது பேர் கிடையாது. பூத்தோட்டத்தில் பதினொரு வருடமாகச் சாமந்தி கட்டும் அந்த ஒரு பெண்ணும், ஒரு பழைய மடிக்கணினியும்தான்.

நடந்தது இதுதான். போன வாரத்துக்கு முந்தைய திங்கள் சாயங்காலம் மாடியில் அதே எட்டு சுரத்தை வயலின் பதினொரு முறை வாசித்தது, பதினொரு முறையும் ஒரே இடத்தில் துணி கிழிகிற மாதிரி அறுந்தது, பன்னிரண்டாவது முறை அறுபடவே இல்லை, ஒரே சுரம் 'ஈ' என்று கொசு மாதிரி நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது, ஐந்து நிமிடம் பொறுத்தேன், பிறகு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். நிம்மதியாக உட்கார்ந்து தேநீர் போடலாம் என்று பார்த்தால் என் கெட்டிலும் சேர்ந்து அணைந்திருந்தது. சரி, நேரிலேயே இரண்டு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று மேலே போனேன்.

அந்தப் பெண் இருண்ட திரைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பேட்டரி போயி ரெண்டு வருஷம் ஆச்சு அங்கிள். வயர்லதான் ஓடுது."

"அப்ப செஞ்சதெல்லாம்?"

ஜன்னல் பக்கம் பார்த்தது. பிறகு, "சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கேஎல்லுக்கு அனுப்பணும்" என்றது. கோலாலம்பூர் டைரக்டர் ஒருவர் எடுத்த, லோரி ஓட்டும் அம்மாவைப் பற்றிய குறும்படமாம். இந்தப் பெண் இசை போடும் முதல் படம் இதுதான். பிடித்திருந்தால் அதே டைரக்டரின் பெரிய படமும் கிடைக்கலாம். பாய், நான் இறங்கிப் போய் மெயின் சுவிட்சை ஏற்றிவிட்டு வந்தேன்.

"மெமரி பத்தல அங்கிள். எட்டு ஜிபிதான். அதான் அறுந்து அறுந்து போகுது" என்றது. பரிகாரம் தெரிந்துவிட்டது என்று நான் கீழே ஓடினேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் தனேஸ், முகம் பார்த்துப் பேசுவதற்காக ஒரு மடிக்கணினி வாங்கித் தந்திருக்கிறான். ஒன்பது திருகாணியைக் கழற்றி, அதன் மெமரிப் பட்டையை உருவி, மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து மேலே கொண்டுபோனேன். "இது வேற மாடல் அங்கிள், பள்ளம் இடம் மாறியிருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. மறுபடி மாட்டினேன், மூன்று திருகாணி மிச்சம், பெட்டி இப்போது மூன்று தடவை கூவிவிட்டுப் பேசாமல் இருக்கிறது, மகன் நான் கோபமாக இருப்பதாக நினைத்து தினமும் போன் செய்து மன்னிப்புக் கேட்கிறான்.

அதன் பிறகுதான் அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்தைப் பார்த்தேன். செவ்வாயிலிருந்து சாயங்காலம் தோறும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்த வயலினெல்லாம் பொய்யில்லை பாய். எங்கோ ஒரு மண்டபத்தில் நிஜ மனிதர்கள் ஒவ்வொரு சுரமாக, மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை, வில்லை ஏற்றி, இறக்கி வாசித்ததை, பக்கத்தில் ஒரு மைக், தூரத்தில் ஒன்று, கூரையில் ஒன்று என்று வைத்துப் பதிந்திருக்கிறார்கள். விரல் பட்டதும் சத்தம் வர வேண்டுமென்று அத்தனையையும் மெமரியில் முன்கூட்டியே ஏற்றி வைக்கிறது கணினி. வயலினுக்கு மட்டுமே ஐந்து ஜிபி. இதற்கு வேண்டியதோ இருபத்திரண்டு வாத்தியம்.

"கூரை மைக்கயும் தூர மைக்கயும் மூடிட்டேன் அங்கிள். பக்கத்து மைக் போதும். எக்கோ நானே போட்டுக்குவேன்."

பாதிக்கு மேல் சுமை அப்போதே இறங்கிவிட்டது. அடுத்து, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை ஓடவிட்டு, அதில் தொடாத சுரத்தையெல்லாம் மெமரியிலிருந்து இறக்கும்படி கணினிக்குச் சொன்னது. ஆயிரக்கணக்கில் இருந்த பதிவில் அறுபத்தொன்றுதான் மிஞ்சியது.

"வராத சுரம் எதுக்கு உள்ள ஒக்காந்திருக்கணும்? வேணும்னா கூப்புட்டுக்கலாம்லா."

முப்பத்து நான்கு வருடம் ஸ்டோரில் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடாதவன் நான். என்றைக்கோ விற்ற எந்திரத்தின் நட்டுகளைக் கடைசி நாள் வரை துடைத்து வைத்திருந்தேன். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்க எனக்கே வெட்கமாக இருந்தது. புதன்கிழமை, "முடிஞ்ச வாத்தியத்தயெல்லாம் ஃப்ரீஸ் பண்றேன் அங்கிள்" என்றது. குளிர்காற்று உள்ளே வரட்டும் என்று நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். அது சிரித்துவிட்டுச் சொன்னது: வாசித்து முடித்த வாத்தியத்தை வெறும் ஒலியாகப் பதிந்து வைத்துக்கொண்டு, வாத்தியத்தை மெமரியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவதாம். ஒருவர் எழுந்து போனதும் அந்த நாற்காலியில் அடுத்தவர். இப்படியே இருபத்திரண்டு பேரையும் எட்டு ஜிபிக்குள் உட்கார வைத்துவிட்டது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் படத்தோடு சேர்த்து ஓடவிட்டது. திரையில் அந்த அம்மா பனிமூட்டத்தில் தாப்பா மலைப்பாதை வளைவுகளில் லோரியை இறக்குகிறார். பேச்சே இல்லை. வயலின்கள் அடியில் மெல்ல நகர்கின்றன, எங்கும் அறுபடவில்லை. கடைசி வளைவில் எல்லாம் அடங்கி ஒரே ஒரு செல்லோ. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றுமில்லை. பதினொன்று நாற்பதுக்கு அனுப்பியாகிவிட்டது. திங்கட்கிழமை டைரக்டர் போன் செய்து, பெரிய படமும் உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே பாய், அந்தப் பெண்ணை எந்தக் காரணத்துக்காகவும் காலி செய்யச் சொல்லாதீர்கள். மெயின் சுவிட்சை இறக்கிய பாவத்துக்காகத் தங்களிடமும் அதனிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வாரமும் நான் டிவி போடவில்லை, செருப்பில்லாமல் நடந்தேன், இருமல் வந்தால் ரோட்டுக்குப் போய் இருமிவிட்டு வந்தேன்.

தங்கள் வீட்டார் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்கவும், கடையில் ரொட்டிக்கல் சூடு ஆறாமல் இருக்கவும் வேண்டிக்கொண்டு,

இப்படிக்கு,
ஆண்டியப்பன்

பின்குறிப்பு: கணினி விஷயங்களைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க, கடிதத்தை யுவனேஸ்வரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டது.

"அங்கிள், ஒண்ணு சொல்லவா? நீங்க மெயின எறக்குறதுக்கு முன்னாடியே அது ஸ்டக் ஆயிருச்சு. 'ஈ'ன்னு இழுத்துச்சே, அதுதான். நானே ஆஃப் பண்ணத்தான் போனேன். எல்லாத்தயும் முன்னாடியே சேவ் பண்ணிட்டேன். ஒண்ணும் போகல."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க டிவி போட்டிருப்பீங்கல்ல."

ஆகவே பாய், மேலே நான் கேட்ட மன்னிப்பை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். பாராட்டு அப்படியே இருக்கட்டும்.