பலகையில் ஒன்பது பேர்

ஒன்பது பேரும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று கண்ணாடிக் கடைக்காரருக்குப் பிடிபடவே இல்லை. ஊருக்கெல்லாம் பார்வை சரிபார்க்கிறவர், ஆவணக் காப்பகத்தில் பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரே பக்கத்தை நாலாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது வருடம் வாடகை வீட்டில் குப்பை கொட்டிவிட்டு, சொந்தமாக வாங்கிய வீடு. பழைய வீடு. அதன் சரித்திரத்தை எழுதிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட ஆசைப்பட்டார். யார் கேட்டார்கள்?

நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய குடியிருப்புக் கணக்கில் அந்த வீட்டில் ஒன்பது பேர். முதலில் ஒரு கிழவர், கடைசியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. மறுவருடக் கணக்கில் ஒரே வரி: 'வீடு பூட்டியிருக்கிறது.'

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மனைவியிடம் சொன்னார்.

"ஒரே வருஷத்துல ஒன்பது பேருமா?" அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நீ மனசைப் போட்டு உழப்பிக்காத. இறப்புப் பதிவேட்டையும் பார்த்துட்டு வந்துடறேன்."

பார்த்தார். அதில் ஒருவர் பேரும் இல்லை. நல்ல சேதி என்று ஓட்டமாக வந்து சொன்னார்.

"செத்ததைக்கூட யாரும் பதியலையா? அப்போ இங்கேயேதான் புதைச்சிருக்காங்க!"

அப்படியெல்லாம் இல்லை என்று காட்டுவதற்காகக் கொல்லையைத் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் ஒரு செருப்பு கிடைத்தது. குழந்தைச் செருப்பு. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. முகம் தெரியாத அந்த மூன்று வயதுக்காரிக்காக அவர் நிஜமாகவே அழுதார்.

மனைவி அழவில்லை. வீட்டுத் தரகருக்குப் போன் போட்டாள். வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டை வித்துடணும். இல்லேன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்களும் உங்க ஒன்பது பேரும் சந்தோஷமா இருங்க."

போனவர்களுக்கு மரியாதை செய்துவிட்டால் அவள் மனசு ஆறும் என்று நினைத்தார். ஒன்பது பேர்களையும் பலகையில் எழுதி வாசலில் மாட்டி, கைகட்டி ஐந்து நிமிடம் மௌனமாக நின்றார். எதிர்வீட்டுக்காரரும் வந்து நின்றார். மறுநாள் தெருவே நின்றது. வீடு பார்க்க வந்த தரகர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். மனைவி உள்ளே போய்ப் பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை, காப்பக எழுத்தருக்கே மனசு கேட்கவில்லை.

"சார், பக்கத்தோட அடியில கையெழுத்து இருக்கு பாருங்க. கணக்கெடுத்த வாத்தியாரோடது. இன்னும் இருக்காரு. அவர் நேர்ல பார்த்திருப்பாரே?"

மனைவியையும் இழுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடினார். நடுவயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து உட்காரச் சொல்லிவிட்டு, வாத்தியாரைக் கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து நின்று அந்தப் பக்கத்தின் நகலை நீட்டினார்.

"அய்யா, இவங்களைக் கடைசியா உயிரோட பார்த்தது நீங்கதான். என்ன ஆனாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. அந்தக் குழந்தை..."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாத்தியார் ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தார். பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கும் அந்த வீடு பூட்டித்தான் கிடந்துச்சு தம்பி. காலியா விட்டா மேலதிகாரி மறுபடி மறுபடி அங்க அலைய விடுவாருன்னு, எங்க வீட்டு ஆளுங்க பேரையே எழுதிட்டேன். உங்களுக்குக் கதவு திறந்தாளே, அவதான் அந்தக் குழந்தை."